புதுச்சேரி ஏன் இன்னும் மாநிலமாகவில்லை?

(பேளுக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கொல்லிமலை மிளகு இறங்குகிற இந்தச் சந்தையூரில் நின்றுகொண்டு புதுச்சேரியைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். எட்டு மணி நேர வேலை என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதற்கு ரத்தம் சிந்திய ஊர் அது. 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பிரெஞ்சு சர்க்கார் சுட்டது. 12 பேர் மாண்டனர். தோழர் வ. சுப்பையா தலைமை தாங்கிய போராட்டம் அது. மறுவருஷம் ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் அங்கே சட்டமாயின. எல்லைக்கு இந்தப் புறம், வெள்ளைக்காரன் சட்டப்படி, ஆலையில் அப்போது பத்து மணி நேரம்!

அப்பேர்ப்பட்ட ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆள முடிகிறதா?

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கை மாறியது. ஆனால் பாரிஸ் பார்லிமெண்ட் இழுத்தடித்ததால், சட்டப்படி கை மாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. 1963-ல் யூனியன் பிரதேசச் சட்டம் வந்தது. இமாசலம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுச்சேரி ஆகிய ஐந்தும் அந்த ஒரே சட்டத்தின் கீழ் சட்டசபை பெற்றவை. இமாசலம் 1971-ல் மாநிலமாயிற்று; மணிப்பூரும் திரிபுராவும் 1972-ல்; கோவா 1987-ல். புதுச்சேரி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த வாசற்படி முறை புதிதல்ல. அமெரிக்காவில் 1787-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். புதுப் பிரதேசத்துக்கு முதலில் மேலேயிருந்து கவர்னர்; சுதந்திரமான வயது வந்த ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் சட்டசபை; சுதந்திர ஜனத்தொகை 60,000 ஆனால் மாநிலம். எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது! மெக்சிகோவிடம் யுத்தம் செய்து பிடுங்கிய நியூ மெக்சிகோவில் 1850-லேயே 60,000-க்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். மாநிலமானது 1912-ல். பேசுவது ஸ்பானிஷ், கும்பிடுவது கத்தோலிக்கச் சாமி என்று வாஷிங்டன் கனவான்களுக்குச் சந்தேகம்.

யூனியன் பிரதேசம் என்றால் நஷ்டம் என்ன? கூலிக்காரன் கணக்கிலேயே பார்ப்போம். புதுச்சேரி மந்திரிசபை ரேஷன் கார்டுக்கு இலவச அரிசி போட வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் பணமாகத்தான் தரவேண்டும் என்றார். விஷயம் டெல்லிக்குப் போயிற்று. டெல்லி ஆளுநர் பக்கம் நின்றது. முதலமைச்சர் கோர்ட்டுக்குப் போனார். 2020-ல் சென்னை ஹைகோர்ட் மனுவைத் தள்ளிற்று. ஜனங்கள் ஓட்டுப் போட்டது ஒருவருக்கு, உலையில் என்ன போடுவது என்று முடிவு செய்தவர் இன்னொருவர்!

சட்டசபையில் தேர்ந்தெடுத்தவர் 30 பேர். மத்திய சர்க்கார் நியமிக்கக்கூடியவர் 3 பேர். மந்திரிசபையைக் கேட்காமலே நியமிக்கலாம், அவர்களும் ஓட்டுப் போடலாம் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் மந்திரிசபை கவிழ்ந்தபோது எதிர்ப்பக்கம் இருந்த 14 பேரில் மூவர் இப்படி வந்தவர்கள். நிதியிலும் இதே கதைதான். மாநிலங்களுக்கு வரிப்பங்கு பிரிக்கும் நிதிக் கமிஷனின் பட்டியலில் யூனியன் பிரதேசம் சேராது. மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டசபை பல தடவை தீர்மானம் போட்டுவிட்டது. 2023 மார்ச்சிலும் போட்டது. (ஏணியில் ஏறுவது மட்டுமல்ல, இறக்கிவிடுவதும் உண்டு. 2019-ல் ஜம்மு காஷ்மீர் மாநிலத்தையே இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கினார்களே!)

மாநிலமானால் எல்லாம் சரியாகிவிடுமா என்று மலைவாசித் தோழர்கள் கேட்பது நியாயம். நியூ மெக்சிகோவில் பூர்வகுடிகளின் பூமி மீதுதான் அந்த மாநிலமே எழும்பிற்று. 1912-ல் மாநிலமான அங்கே, ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு ஓட்டு கிடைத்தது 1948-ல். அதற்கும் அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது.