யாருக்காக இந்தக் கேமரா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய சிந்தனைக்கு ஒரு பழைய வீடியோ கேமராவை எடுத்துக்கொள்கிறேன். நம் பங்குகள் பலவற்றில் இப்படி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்த யாரோ ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது, அல்லது திருவிழாச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கியது. சின்ன கேசட் போட்டுப் படம் எடுக்கும் கேமரா. சக்ரீஸ்து அலமாரியில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறது. பங்குப்பேரவை கூடும்போது இளைஞர்கள் சொல்வார்கள்: "சாமி, படம் மங்கலா இருக்கு, புதுசு வாங்கணும்." பெரியவர்கள் சொல்வார்கள்: "கோயில் கூரை ஒழுகுது சாமி, இருக்கிறதை வச்சு ஓட்டுவோம்." இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரு பக்கமும் கோயிலின் மேல் உள்ள அன்பினால்தான் பேசுகிறது. அப்படியானால் எப்படி முடிவெடுப்பது?

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு கோபுரத்தைப் பற்றிப் பேசுகிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, வேலையை முடிக்கத் தம்மிடம் வசதி இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பார் அல்லவா என்று கேட்கிறார். தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்கு அவர் சொன்ன உவமை அது. ஆனாலும் கோயில் காசைச் செலவு செய்யும் எல்லாருக்கும் அதில் பாடம் இருக்கிறது. கட்ட வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. கட்டுமுன் உட்காரச் சொன்னார். நாமும் உட்கார்ந்து பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டிய கணக்கு ரூபாய்க் கணக்கு அல்ல. இந்தக் கேமரா யாருக்காக என்பதுதான் முதல் கேள்வி.

அசிசி நகரப் புனித கிளாராவை நீங்கள் அறிவீர்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். சகோதரிகள் எல்லாரும் செபிக்கப் போய்விட்டார்கள். தனியாகக் கிடந்த அவர், தொலைவில் இருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டின் பாடல் ஒலியைக் கேட்டார், அங்கிருந்த குடிலையும் கண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதனால்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் இருந்த ஒரு நோயாளிதான் நமது கேமராக்களுக்கெல்லாம் பாதுகாவலி.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கோயில் கதவுகள் மூடப்பட்டபோது, நாம் எல்லாரும் சில மாதங்கள் கிளாராவைப் போல இருந்தோம். பிறகு கதவு திறந்தது, நாம் திரும்பி வந்தோம். நம் தெருவில் திரும்பி வர முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்தவர், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி, அவரை விட்டு நகர முடியாத மருமகள். கேமரா அவர்களுக்காக. இளைஞர்கள் பெருமைப்படுவதற்காகவோ, பக்கத்துப் பங்கில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காகவோ அல்ல. நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கேமராமேல் எழுதி ஒட்டுவதற்காகவும் அல்ல.

யாருக்காக என்று தெரிந்துவிட்டால், அவர்கள் வீட்டுக்கே போய், "உங்களுக்கு எது குறையாக இருக்கிறது?" என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "படம் பரவாயில்லை சாமி, நீங்க பேசறதுதான் ஒண்ணும் புரியல." காரணம் எளிது. கேமரா கோயிலின் பின்சுவர் அருகே நிற்கிறது. அதிலுள்ள மைக் தன் பக்கத்தில் சுற்றும் மின்விசிறியையும் குழந்தை அழுவதையும் முதலில் கேட்கிறது. மறையுரை எதிரொலியாகத்தான் அதற்குப் போய்ச் சேர்கிறது. ஒரு இலட்சம் ரூபாய்க் கேமராவை அதே இடத்தில் வைத்தாலும் இதே கதைதான். ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கேமராவின் மைக் துளையில் கொடுத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். அப்படியே செருகினால் ஒலி உடைந்து கேட்கும். மைக்செட் வைப்பவரிடம் சொல்லி அளவைக் குறைத்து வாங்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய்.

அடுத்தது வெளிச்சம். பீடத்துக்குப் பின்னால் சாளரம் இருந்தால், காலை வெயிலைப் பார்த்த கேமரா படத்தை இருட்டாக்கிக்கொள்ளும். குருவின் முகம் நிழலாகத் தெரியும். அந்தச் சாளரத்துக்கு ஒரு திரையும், பீடத்துக்கு முன்பக்கமிருந்து ஒரு விளக்கும் போட்டுப் பாருங்கள். பழைய கேமராவே தெளிவாகக் காட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் குறை இருந்தால், கேமராவைப் பற்றிப் பேசலாம். நேர்மையாகப் பேசினால், பழையது தன் ஓட்டத்தை முடித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அடையாளங்கள் உண்டு. அந்தச் சின்ன கேசட் பொதுவாக 60 நிமிடம் ஓடும். திருவிழாத் திருப்பலி அதற்குமேல் போகும், நற்கருணை நேரத்தில் கேசட் மாற்ற வேண்டி வரும். ஒரு மணி நேரப் பதிவைக் கணினியில் ஏற்ற இன்னொரு மணி நேரம் ஆகும். அதற்கான கம்பியைச் செருகும் துளை இன்றைய கணினிகளில் பெரும்பாலும் கிடையாது. பேட்டரி தேய்ந்திருக்கும், கேசட் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இந்த நிலையில் "இதுவே போதும்" என்பது சிக்கனம் ஆகாது. நம் சோம்பலுக்கு நாம் வைக்கும் நல்ல பெயர் அது. படுக்கையில் இருக்கும் அந்தப் பாட்டிக்குத்தான் அதனால் இழப்பு.

ஆனால் மாற்றுவது என்றால், எவ்வளவுக்கு மாற்றுவது? பழைய கேசட் கேமரா எழுதும் படம் 720-க்கு 576 புள்ளிகள். முழு எச்.டி. படம் 1920-க்கு 1080. கணக்குப் போட்டால் சரியாக ஐந்து மடங்கு. 4கே என்பது அதிலும் நான்கு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் படத்தைப் பார்ப்பது மருமகளின் கைப்பேசியில், உள்ளங்கை அளவுத் திரையில். கோயிலின் இணைய இணைப்பு மெலிந்ததாக இருந்தால், எவ்வளவு பெரிய படத்தை எடுத்தாலும் சுருக்கித்தான் அனுப்ப முடியும். முழு எச்.டி. நமக்குத் தாராளமாகப் போதும். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாய்க் கேமராவை வாங்கிவிடாதீர்கள். இன்னொரு பேட்டரி, நினைவட்டை, ஆடாத முக்காலி, கணினியோடு இணைக்கும் கருவி, மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், இவை எல்லாம் சேர்ந்ததுதான் கேமராவின் விலை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்கக் கூடாது. புகைப்படக் கேமராவில் வீடியோ எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்று கேளுங்கள். அவற்றில் பல அரை மணி நேரத்துக்குள் தானாக நின்றுவிடும், சில சூடாகி அணைந்துவிடும். பழைய கேமராவே வாங்குவதாக இருந்தாலும், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவலாகவோ வாடகைக்கோ கொண்டுவந்து ஒரு முழுத் திருப்பலியையும் எடுத்துப் பாருங்கள். நம் பங்கிலேயே கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் தம்பிகள் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். இன்னொன்று, நல்ல கைப்பேசி ஒன்றை முக்காலியில் வைத்து, பீடத்துக்குக் கொஞ்சம் அருகே நிறுத்தி, ஒலிக்கம்பியைக் கொடுத்தால், சிறிய பங்குக்கு அதுவே சில ஆண்டுகள் போதுமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு எல்லைக்கோடு உண்டு. கேமராவுக்கான பணம் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து வரக்கூடாது. ஆலயக் காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்து, இரண்டு காசு போட்ட கைம்பெண்ணைக் கவனித்தவர் நம் ஆண்டவர். நம் பெட்டியில் விழும் ஒவ்வொரு பத்து ரூபாய்க்குப் பின்னாலும் யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கும் அடக்கச் செலவுக்கும் உதவி கேட்டு ஒரு குடும்பம் நிற்கும்போது, கேமரா ஆறு மாதம் காத்திருக்கலாம்.

அன்பார்ந்தவர்களே, புதியது வந்த பிறகு பழையதை என்ன செய்வது? பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அலமாரியில் அதோடு கிடக்கும் கேசட்டுகளைப் படிக்கத் தெரிந்தது பெரும்பாலும் அந்தக் கேமரா ஒன்றுதான். அந்தக் கேசட்டுகளில் என்ன இருக்கிறது? இன்று திருமணமாகிக் குழந்தை பெற்றவர்களின் முதல் நற்கருணை. பீடத்தருகே வாசகம் வாசித்து, இப்போது கல்லறைத் தோட்டத்தில் துயில்கொள்ளும் தாத்தாவின் குரல். தேர் பவனியில் முன்னே நடந்து, இன்று நம்மிடையே இல்லாத எத்தனையோ முகங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் நாடா நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட் கணினியில் ஏறத்தாழ 13 ஜிபி இடம்தான் பிடிக்கும். பழைய கணினி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, வாரத்துக்கு இரண்டு கேசட் என்று ஏற்றிவிடுங்கள். இரண்டு வட்டுகளில் வையுங்கள். தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் வெளியே கொண்டுவரும் வீட்டுத்தலைவரைப் பற்றி மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறாரே, அந்த வீட்டுத்தலைவரின் வேலை இது.

கடைசியாக, கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தம்பியை மறந்துவிட வேண்டாம். ஞாயிறுதோறும் அவன் எல்லாரையும் பார்க்கிறான், அவன் செபிக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுத்து, முறை வைத்து மாற்றுங்கள். அவனும் மக்களோடு முழங்காலிடட்டும்.

எந்தக் கேமராவும் வாசற்படி வரைதான் போகும். குரலை அனுப்பலாம், முகத்தை அனுப்பலாம். நற்கருணையைக் கம்பி வழியாக அனுப்ப முடியாது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஆகவே கேமரா வாங்குவது என்று முடிவானால், அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போடுங்கள்: திருப்பலியை வீட்டில் பார்க்கும் ஒவ்வொருவரையும் மாதம் ஒரு முறையாவது நம் அன்பியத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்ப்பார், நற்கருணை அவர்கள் வீட்டுக்குப் போகும் என்று. இந்த இரண்டாவது தீர்மானத்துக்குப் பணம் தேவையில்லை. கேமரா வாங்க வேண்டாம் என்று முடிவானாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோயில் தனித்திருந்த புனித கிளாரா, நம் வீடுகளில் தனித்திருக்கும் நோயாளர்களுக்காக மன்றாடுவாராக. உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஞானத்தையும், எழுந்து போய்ப் பார்க்கும் அன்பையும் ஆண்டவர் நமக்குத் தந்து, நம் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.