நாலு ஓரமும் தெரியட்டும்



விருத்தாசலம் – சிதம்பரம் சாலையும் கும்பகோணம் போகும் சாலையும் சந்திக்கிற ஊர் சேத்தியாத்தோப்பு. ஒரு பக்கம் வெள்ளாறு, அருகே எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை, வடமேற்கே நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்கள். நெல்லோ கரும்போ சுரங்க வேலையோ, இங்கே எந்தப் பிழைப்புக்கும் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில் அடக்கம். வங்கிக்கும் வக்கீலுக்கும் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் இந்தக் காகிதங்கள் இன்று மெயிலில்தான் போகின்றன. காகிதத்தை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புவது ஜெராக்ஸ் கடையில் நொடியில் முடிகிற காரியம்தானே என்று நாம் நினைக்கிறோம். நன்றாகச் செய்தால் இது ஒரு தேர்ந்த கைவேலை என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த வேலைக்கு இரண்டு வேர்கள். 1957-இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் படத்தை ஒரு கருவியில் வைத்து, 176-க்கு 176 புள்ளிகளாகக் கணினிக்குள் ஏற்றினார். 1992-இல் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் மெயிலோடு படமும் ஒலியும் சேர்த்து அனுப்பும் முறையை வகுத்தார்கள். அதுவரை மெயில் என்றால் வெறும் எழுத்துதான். இன்றும் இணைப்பாகச் செல்லும் கோப்பு வழியில் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. அதனால் அதன் கனம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பல மெயில் சேவைகள் 20, 25 மெகாபைட்டோடு கதவை மூடிவிடும். உங்கள் கோப்பை 15-க்குள் வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

ஸ்கேன் எடுக்கும்போது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும்? 300 போதும். ஏ4 தாள் ஒன்று அந்தக் கணக்கில் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் எடுத்துச் சுருக்காமல் விட்டால் 26 மெகாபைட். பிடிஎஃப் ஆக்கிச் சுருக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும், எழுத்தும் கலங்காது. 600 புள்ளியில் எடுத்தால் கோப்புதான் பெருத்துவிடும், படிப்பவருக்குப் பெரிதாகப் பலன் இல்லை. 100-க்கு இறக்கினால் சர்வே எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போகும்.

நல்ல ஸ்கேனை எப்படி அடையாளம் காண்பது? முதலில் தாளின் நாலு ஓரமும் தெரிய வேண்டும். நம் பத்திரங்கள் பெரும்பாலும் ஏ4-ஐவிட நீளமானவை. கடைகளில் இருக்கும் சாதாரண ஸ்கேனரின் கண்ணாடியோ ஏ4 அளவு. தாளை வைத்து மூடியை இறக்கினால் அடியில் உள்ள கையெழுத்து காணாமல் போகும். வேலை தெரிந்தவர் அந்தத் தாளை இரண்டு பாதியாக எடுத்துச் சேர்ப்பார், அல்லது நீளக் கண்ணாடி உள்ள இயந்திரத்துக்குப் போவார்.

அடுத்தது பின்பக்கம். பத்திரத்தின் முதுகில்தான் சார்பதிவாளரின் முத்திரையும் பதிவு விவரமும் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் அனுப்பினால் வங்கி அதிகாரி மறுபடி கேட்பார். அதற்குள் ஒரு வாரம் போய்விடும். நீல மையும் ஊதா முத்திரையும் உள்ள பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முத்திரை வெறும் கறையாகிவிடும். அதை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். மடிப்பில் நைந்த பழைய தாளைத் தானாக இழுக்கும் இயந்திரத்தில் விடக் கூடாது. கண்ணாடியின் மேல் கையால் விரித்து வைக்க வேண்டும்.

இருபது பக்கத்தை இருபது படமாக அனுப்பாமல், வரிசை மாறாமல் ஒரே கோப்பாக்குங்கள். கோப்புக்கு ஊர், சர்வே எண், ஆவணத்தின் பெயர் என்று பெயரிடுங்கள். மெயிலில் இரண்டு வரியாவது எழுதுங்கள்: யார் அனுப்புவது, என்ன ஆவணம், எத்தனை பக்கம். அனுப்புவதற்கு முன் இணைத்த கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம்வரை பாருங்கள். எங்கோ ஒரு மேசையில் அதைத் திறப்பவருக்கு உங்களைத் தெரியாது, அவர் கையில் மூலக் காகிதமும் இல்லை. அவர் எதையும் திரும்பக் கேட்காமல் வேலையை முடிக்க முடிந்தால், அதுதான் நல்ல ஸ்கேன்.

இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2015 வெள்ளத்தில் இங்கே எத்தனையோ வீடுகளில் பெட்டியோடு காகிதங்கள் நனைந்து போயின. நகல் ஆவணம் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. ஸ்கேனைத் தனக்கே ஒரு மெயிலில் அனுப்பி வைத்திருப்பவர், மூலம் போனாலும் ஆவண எண்ணையும் தேதியையும் கையில் வைத்திருப்பார். நகல் மனுவுக்கு முதலில் வேண்டியது அந்த எண்தான். ஸ்கேன் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதன் நகலைக் கேட்டுப் பெற வழி சொல்லும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடைக் கணினியில் உங்கள் ஆதாரும் கையெழுத்தும் தங்கிவிடுகின்றன. மெயிலிலிருந்து வெளியேறிவிட்டீர்களா, கோப்பை அழித்தார்களா என்று நின்று பாருங்கள். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை அதன் ஆணையமே தருகிறது. அது போதுமான இடத்தில் அதையே கொடுங்கள்.

பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, வேலை முடிந்ததும் கோப்பைத் தாமாக அழித்துவிடுகிற கடைக்காரர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் நிலமும் படிப்பும் அவர்கள் கை வழியாகப் போகின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காசோடு அவர்கள் கவனத்துக்கு நாம் தரும் மரியாதையும் சேரட்டும்.