காசியில் பிறந்த கலைமகள் மாலை



நவராத்திரி வந்துவிட்டால், தமிழ்நாட்டை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிலும் கொலுப்படிகள் எழுகின்றன. கொல்கத்தாவில் துர்க்கையின் பந்தல்களிலே மேளம் முழங்கும். தில்லியில் இராமலீலா நடைபெறும். அவற்றின் நடுவே நம் வீட்டுக் கூடத்தில் சுண்டல் மணக்கும். ஒன்பதாம் நாள் நூல்களை அடுக்கிப் பூச்சூட்டிக் கலைமகளை வழிபடும்பொழுது, நாம் பாடும் பாடல்களுள் தலையாயது சகலகலாவல்லி மாலை. பத்தே பாடல்கள் கொண்ட அச்சிறு நூல் தமிழ்நாட்டில் பிறந்ததன்று. காசியிலே பிறந்தது என்பது மரபு. அது தோன்றிய வரலாறு, அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு மிக நெருங்கிய வரலாறாகும்.

அதனைப் பாடியவர் குமரகுருபர அடிகள். 17ஆம் நூற்றாண்டில், பொருநைக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில் தோன்றியவர். ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து பாடினார் என்பர். மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றிய பெரும்புலவர் அவர். தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரை ஞானாசிரியராகக் கொண்டு, பின்னர்க் காசிக்குச் சென்றார்.

காசியில் அடியார்களுக்கு ஒரு மடம் அமைக்க விரும்பினார். அதற்கு நிலம் வேண்டும். நிலம் அளிக்க வல்லவர்கள் முகலாய ஆட்சியாளர்கள். அவர்களோடு உரையாட இந்துஸ்தானி மொழி வேண்டும். அடிகளுக்கோ அம்மொழி தெரியாது. மதுரையில் அவையோர் வியக்கப் பாடிய நாவுக்கு, காசியிலே ஒரு சிறு வேண்டுகோளைச் சொல்லவும் சொல் இல்லை! வேலையின் பொருட்டு முதன்முதலாக வடநாட்டு இரயில் நிலையம் ஒன்றில் இறங்கிய அன்று, மூட்டை தூக்குபவரிடம் கூலி பேசத் தெரியாமல் நாம் நின்ற நிலையும் இதுவேயன்றோ?

அந்நிலையில் அடிகள் கலைமகளை வேண்டிப் பாடியதே சகலகலாவல்லி மாலை என்பர். மொழி கைவந்தது, ஆட்சியாளரின் மதிப்பும் கிட்டியது. கங்கையின் கேதாரத் துறையில் குமாரசுவாமி மடம் எழுந்தது. அம்மடத்தில் அவர் கம்பனின் இராமகாதையை இந்துஸ்தானியிலே விரித்துரைத்தார் என்றும் கூறுவர். அவ்வூரைப் பற்றித் தமிழில் காசிக் கலம்பகம் என்னும் நூலையும் இயற்றினார். பிறர் மொழியைக் கற்றதால் அவருடைய தமிழ் குன்றவில்லை. அது நடமாடும் எல்லையே விரிந்தது.

அவருக்குப் பின்னும் அந்நகரில் தமிழ் ஓயவில்லை. நகரத்தார் நிறுவிய சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் நாள்தோறும் 'சம்போ' என்னும் முழக்கத்தோடு கோயிலுக்குச் செல்கின்றன. 1898ஆம் ஆண்டளவில் இளைஞராகக் காசிக்கு வந்த பாரதியார், அனுமன் துறையில் தம் அத்தை வீட்டில் தங்கி வடமொழியும் இந்தியும் பயின்றார்.

இனி, நம் இல்லத்து நிலையைச் சிறிது நோக்குவோம். தில்லியில் நண்பர் ஒருவர் வீட்டுச் சரசுவதி பூசைக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள், பத்து வயதுச் சிறுமி, சகலகலாவல்லி மாலையைப் பிழையறப் பாடினாள். மகிழ்ந்து அருகிற் சென்று பார்த்தேன். அவள் கையிலிருந்த தாளில் பாடல் நாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அடுக்கிய நூல்களின்மேல், தஞ்சையிலிருந்து பாட்டி அவளுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் இருந்தது. "அப்பாதான் படித்துச் சொல்ல வேண்டும், அவருக்கு நேரமில்லை" என்றாள் அவள்.

அது குழந்தையின் குற்றமன்று. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் தேறியவளுக்குத் தமிழ் எழுத்து எட்டாததன்று. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் அவளுக்கு அறிமுகப்படுத்துவார் இல்லை என்பதே குறை. அடிகள் தம் மொழியை உடன்கொண்டு சென்று, அயல்மொழியை வேண்டிப் பெற்றார். நம் மக்களுக்கு அயல்மொழி எளிதில் வந்துவிட்டது; தம் மொழியைத்தான் அவர்கள் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அதனைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

அடுத்த விசயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' என்று எழுதுவிப்போம். அன்றோடு விட்டுவிடாமல், நாளும் கால்மணி நேரம் உடன் அமர்ந்து கற்பிப்போம். அடுத்த கொலுவுக்குள் பாட்டியின் கடிதத்தைக் குழந்தை தானே படித்து, தன் கையாலேயே மறுமொழியும் எழுதுமாயின், அதனினும் சிறந்த கலைமகள் பூசை வேறில்லை.