நடந்து வந்தவளை யார் கேட்டோம்?

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குழுக்களின் சார்பில் பேசியது)



இன்றைக்கு நாங்கள் சேமிப்பைப் பற்றியோ உள்கடனைப் பற்றியோ பேசப் போவதில்லை. சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம். “கணக்கு முடிக்கவே நேரம் பத்தல, இதுல சினிமா வேறயா?” என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்க. இது நம்ம வீட்டுச் சங்கதிதான்.

பாட்டு, சண்டை, பெரிய செலவு எதுவும் இல்லாமல், தன் மனசுக்குப் பட்டதைப் படமாக எடுக்கிற இயக்குநர்கள் சிலர் இருக்கிறார்கள். இவர்களின் படம் நம்ம ஊர் தியேட்டருக்கு வருவதே அபூர்வம். ஆனால் படம் வெளிவரும்போது, அதை ஏன் எடுத்தோம் என்று பேட்டிகளில் பேசுகிறார்கள். எங்கள் குழுவில் சிலர் அந்தப் பேட்டிகளை மகள்களின் செல்போனில் கேட்டோம். படங்களையும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் பி.எஸ்.வினோத்ராஜ். மதுரைப் பக்கத்துக்காரர். ஏழைக் குடும்பம். படிப்பைப் பாதியில் விட்டு, சின்ன வயதிலேயே மதுரை பூ மார்க்கெட்டிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். பிறகு சென்னையில் டிவிடி கடையில் இருந்துகொண்டே சினிமா கற்றுக்கொண்டார். இவர் எடுத்த முதல் படம் ‘கூழாங்கல்’. 2021-ல் நெதர்லாந்து நாட்டில் ரோட்டர்டாம் நகரத்துத் திரைப்பட விழாவில் ‘டைகர்’ விருது வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். அந்த வருடம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பினார்கள்.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருடைய சகோதரியைப் புகுந்த வீட்டிலிருந்து விரட்டிவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்திருக்கிறார். திண்டிவனத்திலிருந்து மயிலத்துக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்க. அந்த நடைதான் படத்துக்கு விதை என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். ஆனால் படத்தில் அவர் பெண்ணை நடக்கவிடவில்லை. குடிகாரப் புருஷனை நடக்க வைத்தார்! கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, பள்ளிக்கூடத்தில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வருவதற்கு இருந்த பணத்தை மகன் கிழித்துப் போடுகிறான். மொட்டை வெயிலில், பொட்டல் காட்டில் அப்பனும் பிள்ளையும் நடக்கிறார்கள். தாகத்துக்கு அந்தப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கனவே பல கல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எங்களில் ஒருத்தர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இது முதல் நடை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரு தோழி கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். காலெல்லாம் புழுதி. “தாமதம், அபராதம் 10 ரூபாய்” என்று பதிவேட்டில் எழுதினோம். அவரும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். புருஷன் ராத்திரி அடித்துத் துரத்தியதும், விடியும் வரை பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு நடந்து வந்ததும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பதிவேட்டில் 10 ரூபாய் சரியாக இருக்கிறது. அவர் ஏன் நடந்து வந்தார் என்பது அதில் இல்லை. வீட்டுப் பெண்ணின் நடையை மறக்காத ஒரு ஆண்பிள்ளை அதைப் படமாக்கி உலகம் முழுக்கக் காட்டினார். இருபது பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள், “ஏம்மா, கால்ல இவ்ளோ புழுதி?” என்று கூடக் கேட்கவில்லை.

அவருடைய அடுத்த படம் ‘கொட்டுக்காளி’. 2024-ல் பெர்லின் விழாவில் காட்டி, ஆகஸ்டில் தியேட்டருக்கும் வந்தது. சூரியும் அன்னா பென்னும் நடித்திருக்கிறார்கள். பின்னணி இசையே கிடையாது. வண்டிச் சத்தமும் காற்றுச் சத்தமும் சேவல் சத்தமும்தான். மீனா என்கிற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். முறைமாமனைக் கட்ட மாட்டேன் என்கிறாள். உடனே பேய் பிடித்துவிட்டது என்று ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டு போகிறது குடும்பம். படம் முழுக்க அவள் வாயே திறப்பதில்லை என்றே சொல்லலாம். வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. இத்தனை ஆம்பளைகளும் கிட்டே போகப் பயப்படுகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். கடைசியில் என்ன ஆச்சு என்று படம் சொல்லவில்லை. முடிவைப் பார்க்கிறவர்களிடமே விட்டுவிட்டார் இயக்குநர்.

நம்ம மாவட்டத்திலும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறோம். நாங்களும் போகிறவர்கள்தான். அம்மனைக் கும்பிடுவது வேறு. மனசில் உள்ளதைச் சொல்ல முடியாமல் வாயடைத்து நிற்கிற பெண்ணைப் பேய் பிடித்தவள் என்பது வேறு. சாதி மாறி விரும்பியதற்காக விருத்தாசலம் பக்கத்தில் 2003-ல் கண்ணகி, முருகேசன் இரண்டு பேரையும் கொன்றார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது. பதினெட்டு வருஷம்! அது வேறெங்கோ நடந்ததில்லை, பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. அந்த ஆட்டோவில் மீனாவோடு பெண்களும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்?’ இதுதான் நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போன கேள்வி.

மூன்றாவது படம் ‘அங்கம்மாள்’. பெருமாள்முருகன் எழுதிய ‘கோடித்துணி’ என்கிற கதையிலிருந்து விபின் ராதாகிருஷ்ணன் எடுத்தது. 2025 டிசம்பரில் வெளிவந்தது. கீதா கைலாசம் அங்கம்மாளாக நடித்திருக்கிறார். காலமெல்லாம் ஜாக்கெட் போடாமலே வாழ்ந்த தாய். டாக்டருக்குப் படித்த மகன், சம்பந்தி வீட்டார் எதிரே கௌரவமாக இருக்க வேண்டும் என்று ஜாக்கெட் போடச் சொல்கிறான். நம்ம பாட்டிமார்களில் எத்தனை பேர் ஜாக்கெட் போட்டார்கள்? அப்போது யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அந்த அம்மா பாடுபட்டுத்தான் மகன் டாக்டரானான். இப்போது அந்த அம்மாவின் உடம்பே அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. போடுவதும் போடாததும் அவள் இஷ்டம், இல்லீங்களா?

இந்த மூன்று படத்தையும் எடுத்தது ஆண்கள். பெண்களும் எடுக்கிறார்கள். லீனா மணிமேகலை எடுத்த ‘தேவதைகள்’ என்கிற ஆவணப்படத்தில், நமக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரியில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிற ஒரு பெண் வருகிறார். அப்படிப்பட்டவர் நம்ம தெருவில் இருந்தால் ஒதுங்கிப் போயிருப்போம். படம் அவரைத் தேவதை என்கிறது.

தோழிகளே, நாம் யாரும் காமிரா தூக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது காது. அதனால் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். கணக்கு முடிந்ததும் பத்து நிமிஷம் பேச்சுக்கு என்று ஒதுக்குவது. அங்கே பேசியது பதிவேட்டிலும் ஏறாது, தெருவுக்கும் போகாது. தாமதமாக வருகிறவரிடம் முதலில் காரணம் கேட்பது, பிறகுதான் அபராதம். அடி, உதை என்று தெரிந்தால், அவர் சம்மதத்தோடு 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்வது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கக் கூடவே இரண்டு பேர் போவது.

அந்தத் தோழியிடம் வாங்கிய 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். “இதுக்கு இப்ப என்னக்கா?” என்று சிரித்தார். பிறகு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அன்றைக்குப் பத்து நிமிஷம் போதவில்லை.

உங்கள் குழுவிலும் யாராவது நடந்து வந்திருப்பார்கள். கேளுங்கள்.