பறை ஏறிய மேடை



மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் வாழ்கின்றவன் நான். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. யாழேந்திய பாணரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் அந்நூலில், உமணருடைய உப்பு வண்டிகளும் வருகின்றன. இந்த நெய்தல் நிலத்துக்கு விளரி யாழும் மீன்கோட்பறையும் உரியவை என்று இலக்கண நூலார் வகுத்தனர். யாழோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட பறை, பிற்காலத்தில் இழவு வீட்டுக்குரியதாக ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட அப்பறையை மேடையின் நடுவில் வைத்த ஓர் இசைக்குழுவைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அக்குழுவின் பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. ‘சாதியில்லாதோர் கூட்டு’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். சாதியில்லாத் தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முழங்கிய கருத்தே இப்பெயரின் ஊற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் தென்மாவின் துணையாலும் உருவான இக்குழு, 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறிற்று. வடசென்னையின் கானாப் பாடகரும், பறை, சட்டி, டோலக் ஆகியவற்றை முழக்குவோரும், கிதார் வாசிப்போரும், ராப் பாடுவோரும் ஒன்றாக நின்றனர். அவர்களுள் ஒருவராகிய இசைவாணியை, 2020இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்மணிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

‘கானாவுக்கும் ராப்புக்கும் என்ன உறவு?’ என்று நீங்கள் கேட்கலாம். அவ்வுறவை அறிய ஆப்பிரிக்கா வரையில் செல்ல வேண்டும்.

ஆப்பிரிக்கத் தாளத்தின் தன்மையை உங்கள் மேசைமீதே தட்டிப் பார்க்கலாம். ஒரே கால அளவுக்குள் இடக்கையால் சமமாக இரண்டு தட்டுகள் தட்டுங்கள்; அதே அளவுக்குள் வலக்கையால் மூன்று தட்டுங்கள். இரு கைகளும் ஒன்றாகத் தொடங்கும், பிரியும், மீண்டும் ஒன்றாகச் சேரும். இவ்வாறு பல முழவுகள் வெவ்வேறு கணக்கில் ஒலித்து, ஒன்றோடொன்று பின்னி ஒரே இசையாகின்றன. எந்த முழவும் பிறிதொன்றை அடக்குவதில்லை.

இத்தாளத்தை அறிந்த மக்கள் அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1739இல் தென் கரோலினாவில் அவர்கள் முழவொலியோடு கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, அடிமைகள் முழவு வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் வந்தது. முழவு பறிபோயிற்று, தாளம் போகவில்லை. கைத்தட்டலிலும் காலசைவிலும் அது உயிர் பிழைத்தது. அந்த உயிரே பின்னர் ஜாஸ் ஆயிற்று, சோல் ஆயிற்று, ஜேம்ஸ் பிரவுன் முதலியோரால் ஃபங்க் ஆயிற்று. ராப் இசையும் அவ்வழியில் வந்ததே.

கடல் கடந்த அத்தாளம் தாயகத்துக்கும் திரும்பிற்று. நைஜீரியாவின் ஃபேலா குட்டி 1969இல் அமெரிக்கா சென்று வந்தவர். யொரூபா மக்களின் தாளத்தோடு ஜாஸையும் ஃபங்கையும் இணைத்து, டோனி ஆலன் என்னும் முழவுக் கலைஞரின் துணையோடு, ‘ஆஃப்ரோபீட்’ என்னும் இசையை அவர் வளர்த்தார். படையாட்சியை எதிர்த்துப் பாடியதற்காக, 1977இல் படைவீரர்கள் அவருடைய இல்லத்தைத் தாக்கி எரித்தனர். அதன் பின்னரும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை; 1997இல் மறைந்தார்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். நான் பணியாற்றிய காலத்தில் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். மேசையில் அவன் விரல் பட்டால் வகுப்பே தலையசைக்கும். ஆனால், அவன் தந்தையார் ஊரில் பறையடிக்கும் நாளில் அவன் பள்ளிக்கு வரமாட்டான். ஒருநாள் தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். “ஐயா, அது அவங்க கூப்பிட்டா அடிக்கணும், நாம நெனச்சு அடிக்கிறது இல்லீங்க” என்றான்.

பதின்மூன்று வயதுச் சிறுவன் சொன்ன அந்த விடையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. குறை தோலிலும் இல்லை, தாளத்திலும் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. அதனால்தான் தன்மதிப்புள்ள பெரியோர் பலர், ‘இனிப் பறையைத் தொடோம்’ என்று கீழே வைத்தனர். அது நியாயமான துணிவு. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள், ‘எங்கள் விருப்பத்தால் முழக்குவோம்’ என்று அதையே கையில் எடுக்கின்றனர். அதுவும் அதே துணிவுதான். முன்னது மறுக்கும் உரிமை. பின்னது தேர்ந்தெடுக்கும் உரிமை.

ஆகவே, மாணவர்களே, இக்குழுவின் பாடலைக் கேட்கும்போது ஆடிப் பாடி மகிழுங்கள், இசை அதற்குத்தான். அதனோடு ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். மேடையில் பறைக்குக் கைதட்டும் நாம், ஊருக்குள் பறை முழக்குவோரை எந்த இடத்தில் நிற்க வைக்கிறோம்? நாற்காலி தருகிறோமா? பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கிறோமா? உங்கள் வகுப்பில் மேசையில் தாளம் தட்டும் தோழன், தன் தந்தையின் தொழிலை மறைக்காமல் சொல்ல முடிகிறதா? அவ்வாறு சொல்ல முடிகின்ற வகுப்பறையே சாதியில்லாதோர் கூட்டு. அதனை அமைக்க மேடையும் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா, நீங்கள் போதும்.