எருக்கஞ்செடியில் ஒரு புழு

சித்திரை மாதத்தில் நடக்கச் சொன்னால் அடிக்க வருவீர்கள். நான் சொல்வது காலை ஆறு மணிக்கு, ஏரிக்கரைப் பக்கம். சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். குயில் விடாமல் கூவும். அது ஆண். புள்ளி போட்ட பெண் குயில், காக்கைக் கூட்டில் முட்டையிட நேரம் பார்த்துப் பதுங்கியிருக்கும்.

ஆனால், நின்று பார்க்க வேண்டியது எருக்கஞ்செடியைத்தான். இலையைத் திருப்பினால், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட ஒரு புழு இருக்கலாம். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கிலையைக் கடித்தால் பால் பீறிட்டு வாயை ஒட்டிவிடுமே, என்ன செய்யும்? முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும். பிறகு, பால் வராத பகுதியாகப் பார்த்துச் சாவகாசமாகத் தின்னும். அப்படியும் உள்ளே போகும் நஞ்சு, சிறகு முளைத்த பிறகும் உடம்பில் தங்கும். தின்று குமட்டிய பறவை மறுபடி அதைச் சீண்டாது.

இந்தக் கெட்ட பெயரை வைத்துப் பிழைக்கிற ஆளும் உண்டு. நஞ்சே இல்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி, வெந்தய வரியனைப் போலவே ஆரஞ்சு நிறத்தில் திரிகிறது. அந்த இனத்து ஆணுக்கு இந்த வேஷம் கிடையாது, பாவம். அது கறுப்பில் வெள்ளைப் பொட்டோடு அலையும்.

ஒன்று மட்டும்: இலையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். எருக்கம்பால் பட்டால் பார்வை மங்கிவிடும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.