ஊமைப்படமும் தரை டிக்கெட்டும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நடிகர், கட்சி, ஓட்டு இதெல்லாம் பேசிப் பேசிப் புளித்துப்போன சமாச்சாரம். இன்றைக்குத் திரையைக் கொஞ்சம் விட்டுவிடலாம். அதற்கு எதிரே மணலில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களைப் பார்ப்போம். ஊமைப்படம் போய் பேசும்படம் வந்த காலத்தில் நம்ம ஆட்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான்; அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி அல்ல, கையிலிருந்த காசு என்பது அவர் வாதம். முக்கியமான வாதம்தான். கோவிலில் நமக்கு இடமில்லை. ஊர்த் தெருவில் கூத்து நடந்தால் ஒதுங்கி நின்று பார்க்கணும். அப்படிப்பட்ட நாட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். காசு கொடுத்தவர் உள்ளே போகலாம். மதுரை மீனாட்சி கோவிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலையில். அதற்கு இருபது வருஷம் முன்பே ராமனும் கிருஷ்ணனும் கொட்டகையில் அணாக் கணக்கில் காட்சி கொடுத்தாகிவிட்டது. இதை விடுதலை என்பதா, வெளியே நின்றவனையும் இழுத்து இந்துவாக்கிய வேலை என்பதா? இரண்டும் நடந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் காசு மட்டும்தான் இடத்தைத் தீர்மானித்தது என்கிற இடத்தில் எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல, எங்க தாத்தாவிடமிருந்து வந்தது.

தாத்தா பாலாற்றங்கரையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடமே போகாதவர். ஊமைப்படத்தில் நடுநடுவே எழுத்து வரும் இல்லையா, அதைப் படிக்கத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று கதை சொல்லுவார். ஆர்மோனியம், தபேலா இருக்கும். சண்டை வந்தால் கூட்டமே சேர்ந்து சத்தம் போடும். "ஊமைப்படத்துல நாங்கதான்டா பேசுனோம்" என்பார் தாத்தா.

தரை டிக்கெட் என்றால் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்று எல்லோரும் மணலைக் குவித்து மேலே உட்காருவார்கள். தாத்தாவும் ஒரு நாள் குவித்தார். பின்னாலிருந்த ஊர்க்காரர் ஒருவர் காலால் எட்டி அதைக் கலைத்தார். "கீழ குந்துடா". இரண்டு பேருமே ஒரே விலை கொடுத்து வந்தவர்கள்தான். தாத்தா கீழே உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டாய்க்குப் போகவே இல்லை. யாருக்கும் தன்னைத் தெரியாத டவுனுக்கு ஒன்பது மைல் நடந்து போய்ப் பார்த்தார். போகிற வழியில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குளித்துவிட்டுப் போவாராம். இருட்டில் முகம் தெரியாது, தோல் ஷாப்பு வாடை தெரிந்துவிடுமே!

கொட்டகை நமக்குக் கொடுத்தது சமத்துவம் என்று சொல்வதைவிட, கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாமல் இருக்கும் வசதி என்று சொல்லலாம்.

1931 அக்டோபர் 31-இல் சென்னை சினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வந்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம். அதைத்தான் முதல் தமிழ்ப் பேசும்படம் என்று கொண்டாடுகிறோம். கொட்டாய்களுக்குப் பேசும்படம் மெல்ல மெல்லத்தான் வந்தது. வந்ததும் கதை சொல்லிக்கும் வாத்தியக்காரர்களுக்கும் வேலை போச்சு. கூட்டம் சத்தம் போட்டால் "உஸ்" என்று அடக்கினார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்த தரை டிக்கெட் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று. எதைக் கேட்க? சமஸ்கிருதம் கலந்த வசனத்தையும் கீர்த்தனையையும். தாத்தாவுக்குப் பாதி புரியாது. 1935-இல் 'நந்தனார்' வந்தது. நந்தனாக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். நந்தன் வாயில் வந்தது கச்சேரி மேடையின் பாட்டு. வயலில் சேற்றில் நின்றவன் பேச்சு படத்துக்குள் வரவில்லை.

கீழே உட்கார்ந்தவர் கதை இது. திரையிலேயே ஏறியவர் கதை இன்னும் கொடியது. திருவிதாங்கூரில் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் ஊமைப்படம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் அது திரையிடப்பட்டது 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி, புலையர் சமூகத்துப் பெண். ஊமைப்படம், சாதியைக் காட்டிக்கொடுக்கத் திரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் நடித்தவர் யார் என்று கொட்டகையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோஸி ஊரைவிட்டு ஓடினார். நாகர்கோவில் பக்கம் வந்து, தன்னை ஏற்றிவந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் இன்று இல்லை. கேரளத்தில் பெண் கலைஞர்கள் 2019-இல் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

டிக்கெட் எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்றால், அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கடை, ஓட்டல் இவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லி ஏன் எழுத வேண்டியிருந்தது? 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் மறுபடியும் ஏன்? 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் நரிக்குறவர் குடும்பம் கையில் டிக்கெட்டோடு நின்றதை நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள். சலசலப்பு எழுந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். படத்தின் தணிக்கைச் சான்றிதழைக் காரணம் காட்டினார்கள். அவர்களுக்கு ஆற்றில் குளித்துவிட்டுப் போகிற வழியும் இல்லை, தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.

இங்கே வந்திருக்கிற மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்க ஊரில் டெண்டுக் கொட்டாய் எங்கே இருந்தது, சேரிக்காரர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், யார் எழுப்பிவிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பாட்டிகளிடம் கட்டாயம் கேளுங்கள். எங்க பாட்டியை ஒருமுறைகூட அந்த ஒன்பது மைல் கூட்டிக்கொண்டு போகவில்லை தாத்தா. ஏன் என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.